ஒரு கண்ணை மூடிச் சிரிப்பவள்

என் மனைவியின் வாய் கோணிய அன்று நான் சிரித்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது நைசாகச் சொருகினால் நீங்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள், நானும் தப்பித்துவிடுவேன். அது நியாயமில்லை.

காலை எட்டு மணி இருக்கும். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்து, தேரடிப் பக்கம் தன் இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு டீ குடிக்க வீட்டுக்கு வருவது அவள் வழக்கம். அன்றும் வந்தாள். டம்ளரை வாயில் வைத்தாள். இடது பக்க உதட்டோரமாக டீ ஒழுகி முந்தானையில் விழுந்தது. "இன்னாயா இது, வாயி ஒரு மாரி இஸ்துகினு போவுது" என்றாள். முகத்தில் ஒரு பாதி அசையாமல் கிடக்க, மறு பாதி மட்டும் பேசியது.

அவளுக்கு மற்றவர்களைப் போலச் செய்து காட்டும் பழக்கம் உண்டு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கைக்காரர்கள், வெற்றிலையை அதக்கிக்கொண்டே திட்டும் என் ஃபேக்டரி சூப்பர்வைசர், யாரையும் விடமாட்டாள். அப்படித்தான் என்று நினைத்தேன். "யாரு இது? எங்க சூப்பர்வைசரா? அசலு அப்பிடியே கீது!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன். சிரித்த சிரிப்போடு வண்டியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன். அவள் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்திக் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாய் அப்படியேதான் இருந்தது. "ஆட்டோவுல ஓரமா குந்திகினு வந்தேன், காத்து பட்டுட்சு. ஜல்புதான், போயிடும்" என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள், மூட முடியாமல் திறந்தே கிடந்த இடது கண் கன்டெய்னர் லாரிகளின் புழுதி பட்டுக் கோவைப்பழமாகச் சிவந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கவாதம் என்று பதறி, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பக்கவாதம் இல்லை என்றார் டாக்டர். என் மகள் வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. புருவத்தைத் தூக்கு, கண்ணை மூடு, கன்னத்தை உப்பு என்று இவளை ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். வலது பாதி சொன்னதைச் செய்தது. இடது பாதி காதே கேட்காதது போல இருந்தது. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் இருக்கிறதாம். முகத்தை ஆட்டிவைக்கும் நரம்பு அதற்குள் புகுந்துதான் வெளியே வரவேண்டுமாம். அந்த நரம்பு வீங்கி, வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே நசுங்கிவிட்டது என்றார்.

"ரொம்ப அடி வாங்கியிருக்கும் போலிருக்கு சார். முதல் மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை இன்னும் நல்லா கேட்டிருக்கும்."

மூன்று நாள். டாக்டர் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன்: "நான்தான் மேடம் வெளையாடுறான்னு நெனச்சிட்டேன்." என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எலக்ட்ரீஷியன். முப்பது வருடமாகக் கேபிள் ஜாயின்ட் போடுகிறவன். நசுங்கின இடத்தை வெட்டி, நல்ல இடத்தோடு சேர்த்து, ஒரே ஷிப்டில் லைன் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நசுங்கின இடத்துக்கு அப்பால் இருக்கிற இழைகள் செத்துக் கரைந்துவிடும். மேலுறை மட்டும் காலியாக மிஞ்சும். மூளைப் பக்கம் இருக்கிற செல் சாகாமல் இருந்தால், அங்கிருந்து புது இழை துளிர்த்து அந்தக் காலி உறைக்குள் ஊர்ந்து வரும். ஒரு நாளைக்கு ஒரு கடுகு அளவு தூரம். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காது.

"அது வர்ற வரைக்கும் தசை இன்னா பண்ணும் மேடம்?"

"காத்துக்கிட்டிருக்கும் சார். சாதாரணமா தசை தன் உடம்புல ஒரே ஒரு இடத்துலதான் நரம்போட சொல்லைக் கேக்கும். நரம்பு போயிட்டா, உடம்பு முழுக்க காதா வெச்சுக்கும். எங்கேருந்து வந்தாலும் சரி, யாராவது வந்தா சரின்னு இருக்கும். ரொம்ப நாள் யாருமே வரலன்னா மெலிஞ்சு போயிடும்."

என் மனைவி அப்போதுதான் முதல் கேள்வியைக் கேட்டாள்: "சிரிப்பு வருமா?"

"பெரும்பாலும் வரும்மா. ஆனா பழைய மாதிரியே வரும்னு இப்பவே சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது ஆட்டோவில் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராயபுரம் பாலம் தாண்டும்போது, கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள்: "அன்னிக்கி நீ சிரிச்சே இல்ல, அத்தோட போதும். நம்ம வூட்ல சிரிச்சது போதும்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். சும்மா சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சோறு தங்கிவிடும், விரலால் தள்ள வேண்டும், அதை நான் பார்க்கக்கூடாதாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த ஒரு வேளைதான் எங்களுக்குப் பேச்சு, சண்டை, கச்சேரி எல்லாம். இப்போது நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நாக்கின் ஒரு பாதியில் ருசி செத்துப் போனதால் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். கடல் தண்ணீர் தோற்றது போங்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றேன். எதற்கெடுத்தாலும் கத்துகிற எனக்கு அது பெரிய தவம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் பிழைப்பே வாயில்தான் இருந்தது. உதடு ஒட்டவில்லை என்றால் 'ப' வராது, 'ம' வராது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. 'பாறை' என்று கூவினால் 'ஹாறை' என்று காற்றாக வரும். 'வஞ்சிரம்' என்றால் அது வேறு என்னவோவாக வரும். வாடிக்கைக்காரர்கள் "இன்னாம்மா?" என்று இரண்டாம் முறை கேட்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதனால் சங்கராவும் நெத்திலியும் மட்டுமே எடுக்க ஆரம்பித்தாள். இரண்டும் உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய பேர். மாதக்கணக்கில் அவள் கூடையில் வேறு மீன் கிடையாது. காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

படுக்கும் முன் அவள் கண்ணுக்கு நான்தான் பிளாஸ்திரி போடுவேன். இமையை விரலால் மெல்லக் கீழே இறக்கி, சொட்டு மருந்து விட்டு, பேப்பர் பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்ட வேண்டும். "யோவ், ஒயரு சுத்துற மாரி இறுக்காதே" என்பாள். அந்த நேரத்தில் மட்டும் முகத்தை எனக்குக் கொடுப்பாள். பாதி முகம் தூங்கிக்கொண்டிருக்கும். ஐம்பது வயதுக் கன்னத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லை, நான் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் கன்னம். அதைச் சொன்னால் அடிப்பாள் என்று சொல்லவில்லை.

பிசியோதெரபி சொல்லித்தரும் பெண், கண்ணாடி முன்னால் சின்னச் சின்ன அசைவாக, அவசரப்படாமல் செய்யச் சொல்லியிருந்தார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவேன். உதட்டை விரலால் லேசாகத் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கி, நூறு தடவை. ஒன்றும் அசையாது. எனக்குப் பொறுமை எங்கே? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எதிர்வீட்டு அம்மா சொன்னார் என்று ஒரு பாக்கெட் பலூன் வாங்கிவந்து, "ஊது, பலமா ஊது, அப்பத்தான் தசைக்கு உறைக்கும்" என்றேன். ஊதினாள். பாதிக் காற்று இடது பக்கம் வழியாகவே போனது. பிசியோதெரபி பெண் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சார், பலமா முக்கினா மொத்த முகமும் ஒண்ணா இழுக்கப் பழகிடும். தயவுசெஞ்சு சும்மா இருங்க." சும்மா இருப்பதுதான் எனக்கு வராத ஒரே வேலை.

நாலாவது மாதம். பொதுக்குழாய்த் தண்ணீரை நான் வழியவிட்டதற்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இடது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், தோலுக்கடியில் ஏதோ துடித்தது. "ஏய், நிறுத்து, அசையுது!" என்றேன். "டபாய்க்காத" என்றாள். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து பிடித்தேன். நூல் அளவு உதட்டோரம் எழுந்து விழுந்தது. அவள் பார்த்துவிட்டு, "சரி, இப்ப போயி கொழாய மூடு" என்றாள். ஆனாலும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதும் மாறவில்லை.

அடுத்த மாதம் ஒரு வார லீவு நாளில், கூடை தூக்க நானும் காசிமேட்டுக்குப் போனேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏலத்தில் பழைய ஆட்கள் வாயால் விலை கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் ஒருவன் மூக்கைச் சொறிவான், ஒருத்தி வளையலைத் தள்ளுவாள். ஏலம் விடுகிறவனுக்கு மட்டும் அது புரியும், ஒரு நூறு ஏற்றிவிடுவான். என் மனைவியின் அடையாளம் இடது கண். இருபது வருடமாக இடது கண்ணை மூடித் திறந்துதான் மீன் எடுத்தாள். கண் மூடாமல் போனதிலிருந்து புதுசாக வந்த வியாபாரி மாதிரி கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பெரிய அவமானம்.

அன்று ஒரு கூடை பாறை மீன் ஏலத்தில் இருந்தது. எங்களுக்கு அதில் வேலை இல்லை, நெத்திலிக்காக நின்றுகொண்டிருந்தோம். தரையெல்லாம் மீன் தண்ணீர். தலையில் காலிக்கூடையோடு நான் திரும்பினேன். கால் வழுக்கியது. சர்ரென்று போய், யாரோ திறந்து வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் அப்படியே குந்திவிட்டேன். காலிரண்டும் வெளியே, கூடை தலையில் கவிழ்ந்து மூக்குவரை இறங்கிவிட்டது.

கூடைக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஐந்து மாதமாகக் கேட்காத சத்தம். கூடையைத் தூக்கிப் பார்த்தால் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வாய் இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. இடது பக்கம் கொஞ்சம் குறைச்சல், ஆனாலும் விரிந்திருந்தது. அந்தச் சிரிப்போடு இடது கண் கெட்டியாக மூடிக்கொண்டது.

"யக்கா ஒரு நூறு!" என்று கத்தினான் ஏலக்காரன்.

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள், கண் மறுபடி மூடியது. "யக்கா இன்னோரு நூறு!" எதிரில் கேட்கிற ஆளே இல்லை. தன் விலைக்கு மேல் தானே ஏற்றிக்கொண்டே போனாள். ஐஸில் உட்கார்ந்தபடி நான் "வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டினேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பாறைக் கூடை எங்கள் தலையில் விழுந்தது.

"டேய் நைனா, நான் எங்கடா கேட்டேன்? சிரிச்சேன்டா!"

"யக்கா, இருவது வருசமா உன் கண்ணப் பாத்துதான் தரம் போட்டுகினு கீறேன். சிரிச்சா கண்ணு இன்னாத்துக்கு மூடுது?"

"எனக்கு இன்னாடா தெரியும்? அந்தாள இன்னொருவாட்டி வுழச் சொல்லு, பாப்போம்!"

கூட்டமே சிரித்தது. அவள் தன் விலைக்கு மேல் தானே ஏற்றினதையெல்லாம் ஏலக்காரன் கழித்துவிட்டான். முதல் நூறை மட்டும் விடமாட்டேன் என்றான், மூணு தரம் போட்டால் போட்டதுதானாம். அவள் பிறகு சண்டை போடவில்லை. இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாறையை எடுத்தாயிற்று, விற்க வேண்டுமே. தேரடியில் கூடையை இறக்கிவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். நான் கூவட்டுமா என்று கேட்டதற்கு, "நீ கூவுனா மீனு எந்திரிச்சி ஓடிடும், கம்முனு இரு" என்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "பாறே! பாறே!" உதடு ஒட்டியது. எப்போது ஒட்ட ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மாதக்கணக்கில் அந்தச் சொல்லைக் கூவிப் பார்க்கவே இல்லையே! அன்று மத்தியானத்துக்குள் கூடை காலி.

கண் ஏன் மூடுகிறது என்று பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். வளர்ந்து வந்த இழைகளில் சில வழி தவறிவிட்டன என்றார். உதட்டுக்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காத்திருந்த தசை, நீ யார் வீட்டுக்கு வந்தவன் என்று கேட்கவில்லை, வந்தவனைச் சேர்த்துக்கொண்டது. இப்போது மூளை உதட்டைத் தூக்கு என்றால் கண்ணும் கூடவே எழுந்து நிற்கிறது. பயிற்சியால் குறையும், அடியோடு போகாமலும் இருக்கலாம். "பலூன்னால வந்துச்சா?" என்று கேட்டேன். "அதை யாரும் உறுதியா சொல்ல முடியாது சார்" என்றார். அந்தப் பதில் எனக்கு நிம்மதியும் தரவில்லை, தண்டனையும் தரவில்லை.

காசிமேட்டோடு சரி, அந்தச் சிரிப்பும் திரும்ப ஒளிந்துகொண்டது. "சிரிச்சா கண்ணடிக்கிற மாரி கீது. ரோட்ல போறவன் இன்னா நெனப்பான்?" என்றாள். நான் வீட்டில் இரண்டு முறை வேண்டுமென்றே வழுக்கி விழுந்துகூடப் பார்த்தேன். "வயசாச்சே தவுர அறிவு வர்ல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாறைக் குழம்பு. உப்பு சரியாக இருந்தது, அதாவது நாக்கும் திரும்பிவிட்டது. அவள் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுக்க எழுந்து அவள் பக்கமாகப் போனேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கிறது, கை பாட்டுக்குச் சோற்றைப் பிசைகிறது. இத்தனை மாதமும் இதற்காகத்தான் முதுகைக் காட்டினாளா? தினமும் அழுதுகொண்டேவா தின்றாள்? அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கி நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். "நீ வாசல்ல நின்னு இன்னாவோ சொன்னே. வண்டிய நிறுத்தி கேட்டிருக்கணும். அந்த மூணு நாளும் என்னாலதான் போச்சு. எத்தினியோ நாளா சொல்லணும்னு கீறேன், வாய் வரல. என்ன மன்னிச்சிடு."

அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"யோவ், நான் எங்கயா அழுவுறேன்? சோறு துன்னா இந்தக் கண்ணுல தண்ணி வருது. ஒரு மாசமா கீது. எச்சி ஊறுறதுக்குப் போவ வேண்டிய நரம்பு கண்ணுக்குப் போயிட்சாம். டாக்டரம்மாவ கேட்டுட்டேன். நீ மெர்சலாவேன்னுதான் சொல்லல."

"நெஜமாவா?"

"பாரு" என்று ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள். ஒரு சொட்டு திரண்டு, கன்னத்தில் இறங்கியது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் மூஞ்சி எப்படிப் போனதோ, அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். கண் மூடிக்கொண்டது. முந்தானையால் மறைக்கவில்லை. அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைவிட்டுத் திரும்பி, எனக்கு நேராக, சட்டியை நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி வாசல்ல இன்னா சொன்னே?" என்று கேட்டேன்.

"பயமா கீதுயா, போவாதன்னு சொன்னேன்."

அவள் வாயில் சோறு இல்லை. கையும் தட்டில் சும்மா கிடந்தது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தப் பக்கத்து நரம்புக்கு எதுவுமே ஆகவில்லை.